டெல்டா கடற்கரையில் கலங்கரை விளக்கங்களும் பழைய கோட்டைகளும்: ஒரு நாள் பயணம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை பக்கத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுத்துக் கிளம்புகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறோம். தூரங்கள் எல்லாம் சுமாரானவை. நேரக் கணக்கைச் சற்றுத் தாராளமாகவே போட்டிருக்கிறோம்.

பூம்புகார்ல ஆரம்பிச்சு கோடியக்கரை, மனோரா வரைக்கும் ஒரே நாள்ல பாத்துடலாமா?

முடியாது. பூம்புகாரிலிருந்து தரங்கம்பாடி 20 கி.மீ., அங்கிருந்து காரைக்கால் 15, நாகை இன்னொரு 20, நாகையிலிருந்து வேளாங்கண்ணி வழியாக வேதாரண்யம் 50, கோடியக்கரை இன்னொரு 11. அதன் பிறகு மனோராவுக்குத் திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் என்று சுற்றி 100 கி.மீ. போக வேண்டும். கூட்டிப் பார்த்தால் 216 கி.மீ.தானே என்று தோன்றும். ஆனால் வழி நெடுக ஊர், கடைத்தெரு, பாலத்து வேலை, நெல் காயப்போட்ட சாலை. மணிக்கு 40 கி.மீ. ஓட்டினாலே பெரிய விஷயம். வீடு திரும்பும் தூரம் வேறு இருக்கிறது.

கடற்கரையை மூன்று துண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். வடதுண்டு: பூம்புகார், தரங்கம்பாடி, காரைக்கால், நாகை. தென்துண்டு: நாகை, வேதாரண்யம், கோடியக்கரை. மூன்றாவது மனோரா கோபுரமும் முத்துப்பேட்டை அலையாத்திக் காடும். ஒரு நாளைக்கு ஒரு துண்டுதான்.

முதல் தடவை போறோம். எந்தத் துண்டு நல்லது? மணிக்கணக்கா சொல்லுங்க.

முதல் தடவைக்கு வடதுண்டு. காலை 7 மணிக்கு மயிலாடுதுறையை விட்டால் முக்கால் மணி நேரத்தில் பூம்புகார். வெயில் ஏறுவதற்குள் கடற்கரையைப் பார்த்துவிட்டு 9.15-க்குக் கிளம்பினால், 10 மணிக்குத் தரங்கம்பாடிக் கோட்டை அருங்காட்சியகம் திறக்கும்போது வாசலில் நிற்கலாம். கோட்டைக்கு ஒன்றரை மணி நேரம், ஊருக்குள் நடக்க ஒன்றரை மணி நேரம். 1 மணிக்குக் கிளம்பிக் காரைக்காலில் சாப்பாடு. 3 மணிக்குள் நாகை.

அந்த 3 மணி முக்கியம். பொதுமக்களை ஏற்றும் கலங்கரை விளக்கங்களில் பெரும்பாலும் மாலை 3 முதல் 5 வரைதான் அனுமதி. இந்தப் பயணத்தையே இரண்டு கடிகாரங்கள்தான் நடத்துகின்றன: கோட்டை வாசல் காலையில் திறப்பது, விளக்கு வாசல் மாலையில் திறப்பது. வரிசையைத் தலைகீழாகப் போட்டு நாகையில் காலையில் இறங்கினால் மாலை வரை விளக்கு வாசலில் காத்திருப்பீர்கள்.

தென்துண்டுக்கு வேறு கணக்கு. கோடியக்கரை சரணாலயத்துக்குக் காலை 7 மணிக்குள் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் மான் நிழலுக்குப் போய்விடும். நாகையில் இரவு தங்கி 5.30-க்குக் கிளம்புவதே சரி.

எந்தக் கிழமை போகக் கூடாது?

வெள்ளியும் திங்களும். தரங்கம்பாடிக் கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பொது அரசு விடுமுறை நாள்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். விளக்கு நிலையங்களில் திங்கள் விடுமுறை வழக்கம். விளக்கில் ஏறியே ஆக வேண்டும் என்ற ஆசை இருந்தால், முதல் நாளே அந்த நிலையத்தில் விசாரித்துவிடுங்கள். லென்சு சுத்தம் செய்யும் நாளாகவோ வண்ணம் பூசும் வாரமாகவோ இருந்தால் யார் சொன்னாலும் ஏற்ற மாட்டார்கள்.

எந்த மாசம் நல்லா இருக்கும்?

ஜனவரி, பிப்ரவரி. மழை ஓய்ந்திருக்கும், வயலில் கதிர் நிற்கும், கோடியக்கரையில் வலசைப் பறவைகள் இருக்கும். ஏப்ரல் முதல் ஜூன் வரை கோட்டை மதிலின் மேல் 11 மணிக்குக் கால் வைக்க முடியாது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை போகிறவர்கள் துறைமுகத்துப் புயல் எச்சரிக்கைக் கூண்டைப் பற்றித் தெரிந்துகொண்டு போக வேண்டும். 1, 2 என்றால் புயல் தொலைவில் இருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரக்கூடும். 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம், 11 என்றால் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது. பகலில் கூம்பும் உருளையுமாகத் தொங்கும், இரவில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்கு. டிவியில் 3-ஆம் எண் என்று சொன்னாலே பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில்தான் கரை ஏறியது. கோடியக்கரைச் சாலை மரங்கள் என்ன பாடுபட்டன என்று அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கார் இல்ல. பஸ்ல போக முடியுமா?

வடதுண்டு முடியும், தென்துண்டு கஷ்டம். மயிலாடுதுறையிலிருந்து பூம்புகாருக்கும் தரங்கம்பாடிக்கும் தனித்தனியாகப் பேருந்து உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகை என்று வரிசையாக ஓடும். பேருந்தில் போனால் பூம்புகாரை விட்டுவிடுங்கள், ஒன்றரை மணி நேரம் மிச்சம். தரங்கம்பாடியில் பிரதான சாலையில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து பழைய நகர வாசல் வழியாகக் கடல் வரை நடக்கும் தூரம்தான். அந்த நடையை ஆட்டோவில் கடத்திவிடாதீர்கள், ஊரின் அமைப்பே அதில்தான் புரியும்.

காரைக்கால் வழியா போனா செக்போஸ்ட்ல நிறுத்துவாங்களா?

வடக்கே நண்டலாறு, தெற்கே வாஞ்சூர் என்று இரண்டு எல்லைச் சோதனைச் சாவடிகள். காரைக்கால் புதுச்சேரி ஆட்சிப்பகுதி. அங்கே வாங்கிய மது பாட்டிலைத் தமிழ்நாட்டு எல்லைக்குள் கொண்டுவந்தால் வழக்கு. வண்டியில் அது இல்லை என்றால் ஒன்றும் ஆகாது. ஆனால் உடன் வருகிற நண்பர்களிடம் ஒரு தடவை கேட்டுவிடுவது நல்லது. டிக்கியைத் திறந்த பிறகு தெரிந்தால் நாளே போச்சு.

கரையில இருக்கிறதாலதானே கலங்கரை விளக்கம்னு பேரு?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இங்கே ‘கரை’ என்பது கடற்கரை அல்ல. காக்கை கரைகிறது என்கிறோமே, அந்தக் கரைதல்: அழைத்தல். கலம் என்றால் கப்பல். கப்பலைக் கூவி அழைக்கிற விளக்கு. சிலப்பதிகாரம் புகார் நகரத்துக் கடற்கரையைச் சொல்லும் இடத்திலேயே இந்தச் சொல் வந்துவிடுகிறது. ஆகவே இந்தப் பயணத்தைப் பூம்புகாரில் தொடங்குவது பொருத்தம்தான்.

பூம்புகார்ல பழைய விளக்கு, கோட்டை ஏதாவது மிச்சம் இருக்கா?

இல்லை. இப்போது நிற்பது நம் காலத்துக் கோபுரம். 1973-இல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்தையும் பழையது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். உண்மையிலேயே பழையதைப் பார்க்க வேண்டும் என்றால் பக்கத்தில் கீழையூர். அங்கே நடந்த அகழாய்வில் செங்கல்லால் கட்டிய படகுத்துறை ஒன்று கிடைத்தது, படகு கட்டும் மரக் கம்பங்களோடு. மற்றபடி காவிரி கடலில் சேரும் இடத்தில் நின்று ஆறு எவ்வளவு மெலிந்து வருகிறது என்று பாருங்கள். மேலே அணைகளில் மணல் தங்கிவிடுவதால் கடற்கரைக்கு மணல் வரத்து குறைந்துபோனது. கரை ஏன் அரிக்கிறது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அது. மீதிப் பதில் கடைசியில் வருகிறது.

தரங்கம்பாடிக் கோட்டைக்குப் போனேன், வெறும் செவுருதான் இருந்துச்சு. அதுல என்ன பார்க்கிறது?

டேன்ஸ்போர்க் கோட்டை 1620-இல் தொடங்கியது. தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு டென்மார்க்கின் ஓவே கெட்டே என்ற கடற்படைத் தளபதி கட்டத் தொடங்கினார். கீழ்த்தளம் வில்வளைவுக் கூரை போட்ட அறைகள்: சரக்குக் கிடங்கு, வெடிமருந்து. மேல்தளத்தில் ஆளுநர், பாதிரியார், மூத்த வணிகர்கள், ஒரு சிறு தேவாலயம். சரக்கு கீழே, சாமியும் அதிகாரியும் மேலே. கோட்டை என்ற பெயரில் நின்றது நன்றாகக் காவல் போட்ட மிளகுக் கிடங்குதான் என்பது இந்த ஏற்பாட்டிலேயே தெரிந்துவிடும்.

இப்போது ஒரு காரியம் செய்யுங்கள். மூலைக் கொத்தளத்தில் ஏறி நின்று, வெளிப்பக்கம் மதிலின் நீளத்துக்குப் பார்வையை ஓட்டுங்கள். மதிலின் அடிப்பாகம் முழுக்கத் தெரியும். நேராக மட்டும் மதில் எழுப்பினால், அதன் அடியில் ஒட்டி நிற்கும் எதிரியை மேலேயிருந்து சுட முடியாது. மூலையை வெளியே தள்ளிக் கட்டினால் ஒரு கொத்தளத்துப் பீரங்கி அடுத்த கொத்தளத்தின் காலடியைக் காக்கும். நம் ஊர்ப் பழைய கோட்டைகளின் உயர்ந்த மதிலுக்கும் இதன் குட்டையான, தடித்த மதிலுக்கும் வித்தியாசம் ஏன் என்றால் அதே பீரங்கிதான்: உயரம் கூடினால் குண்டுக்கு நல்ல குறி. சுற்றி அகழி இருந்தது, தூக்குபாலம் இருந்தது. இரண்டும் போய்விட்டன.

டேனிஷ்காரங்க எத்தனை பேரு இருந்தாங்க? பெரிய படையா?

கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு கட்டத்தில் ஒரே ஒருவர். டென்மார்க்கிலிருந்து கப்பலே வராமல் போன காலத்தில், 1655 முதல் 1669 வரை எஸ்கில்ட் ஆன்டர்சன் கோங்ஸ்பக்கே என்பவர் உயிரோடு மிஞ்சிய ஒரே டேனியராகக் கோட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு, வங்கக் கடலில் கப்பல்களை மடக்கி அந்தப் பணத்தில் ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பினார். நீங்கள் நுழையும் நகர வாசல் அந்த மதிலின் தொடர்ச்சி. இப்போது நிற்கும் வாசல் கட்டடம் 1792-இல் திரும்பக் கட்டியது.

ஆங்கிலேயர் 1801-இலும், 1808 முதல் 1815 வரையிலும் இதைப் பிடித்து வைத்திருந்தார்கள். 1845-இல் டென்மார்க்கே 12.5 லட்சம் ரூபாய்க்கு, வங்காளத்துச் செராம்பூரோடு சேர்த்து, விற்றுவிட்டது.

கோட்டைச் செவுத்துல வெள்ளையா மாவு மாதிரி உதிருதே, ஏன் சிமெண்ட் பூசாம விட்டிருக்காங்க?

உப்பு பூத்திருக்கிறது. கடல் காற்றிலும் நிலத்தடி ஈரத்திலும் இருக்கும் உப்பு, செங்கல்லுக்குள் ஊறி, வெயிலில் தண்ணீர் ஆவியாகும்போது படிகமாகிறது. படிகம் பருக்கும்போது செங்கல்லின் முகத்தை உள்ளிருந்து தள்ளி உதிர்க்கும். விரலால் தொட்டாலே பொடி வரும் (தயவுசெய்து ஒரு தடவைக்கு மேல் தொடாதீர்கள்).

சுண்ணாம்புக் காரை மூச்சு விடும். ஈரம் காரை வழியாக வெளியே வந்துவிடும், உதிர்வது காரையாகத்தான் இருக்கும். சில வருடத்துக்கொரு முறை பூசிக்கொள்ளலாம். சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகும். வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே செங்கல் மாவாகியிருக்கும். கடலோரப் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

நாகப்பட்டினத்துல டச்சுக் கோட்டை எங்க? மேப்புல தேடினா வரலையே.

வராது, அதை இப்போது பார்க்க முடியாது. டச்சுக்காரர்கள் 1658-இல் போர்ச்சுகீசியரிடமிருந்து நாகையைப் பிடித்தார்கள். 1690-இல் சோழமண்டலக் கரைக்கான தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து இங்கே மாற்றிக்கொண்டு, ஐந்து முனைக் கோட்டை ஒன்றைக் கட்டினார்கள். 1781-இல் ஆங்கிலேயர் முற்றுகையிட்டுக் கைப்பற்றினார்கள். அடுத்த வருடம் ஜூலை 6-ஆம் தேதி நாகைக்கு எதிரே கடலிலேயே பிரெஞ்சு, ஆங்கிலக் கடற்படைகள் மோதின. பிரெஞ்சுப் பக்கம் சுஃப்ரேன், ஆங்கிலப் பக்கம் ஹியூஸ். இரண்டு பக்கமும் அடிபட்டு விலகியதுதான் மிச்சம்.

நாகையில் டச்சுச் சுவடு வேண்டும் என்றால் பழைய கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். கோட்டையைத் தேடி வெயிலில் அலைய வேண்டாம். இதைவிடச் சின்ன டேன்ஸ்போர்க் நிற்கிறது, பெரிய தலைமையிடத்துக் கோட்டை போய்விட்டது. வரலாற்றுப் புத்தகத்தில் முக்கியத்துவத்தைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுத்தால் இந்தக் கரையில் ஏமாற்றம்தான்.

நாகை லைட் ஹவுசுக்குள்ள விடுவாங்களா?

ஆங்கிலேயர் 1846-இல் விளக்கு அமைத்த இடம். 20 மீட்டர் கோபுரம், துறைமுக வளாகத்துக்குள் நிற்கிறது. ஆகவே இரண்டு வாசல்: முதலில் துறைமுகத்துக்குள் நுழைய அனுமதி, பிறகுதான் விளக்கு. ஆதார் அட்டை அசல் எல்லோருக்கும் கையில் இருக்கட்டும். இலங்கைக் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது 2023 அக்டோபரில். கப்பல் வருகிற, போகிற நேரத்தில் கெடுபிடி அதிகம். உள்ளே விடாவிட்டால் வாக்குவாதம் வேண்டாம். கடற்கரையிலிருந்தே கோபுரம் நன்றாகத் தெரியும். இருட்டும் வரை இருந்தால் வேறொரு வேலையும் இருக்கிறது, இரண்டு கேள்வி தள்ளிச் சொல்கிறோம்.

எங்க அம்மாவுக்கு முட்டி வலி. ஏற முடியுமா? எத்தனை படி?

ஒரு படி 18 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 மீட்டர் கோபுரத்தில் 100 படிக்கு மேல். கோடியக்கரையின் 45 மீட்டர் கோபுரம் மாதிரி என்றால் 200-ஐத் தாண்டும். படி சுருளாகப் போகும், உள்பக்கம் குறுகல், வெளிப்பக்கம் அகலம். முட்டி வலி இருப்பவர்கள் வெளிப்பக்கமாகவே ஏற வேண்டும். ஏறுவதைவிட இறங்குவதுதான் சிரமம். ஒரே பக்கமாகச் சுற்றி இறங்குவதில் தலை கிறுகிறுக்கும். கடைசியில் விளக்கறைக்குப் போவது படியே அல்ல, செங்குத்தான இரும்பு ஏணி. அம்மாவைக் கீழே நிழலில் உட்கார வைத்துவிட்டு ஏறுங்கள், அவருக்கும் நிம்மதி.

புடவை, வேட்டி என்றால் ஏணியில் சிரமம். காலணி வழுக்காததாக இருக்கட்டும். மாடத்தில் காற்று சட்டைப்பையில் இருக்கும் மூக்குக்கண்ணாடியைக்கூட எடுத்துக்கொண்டு போய்விடும்.

பகல்ல விளக்கு எரியாதே, ஏறி என்ன பார்க்கிறது?

லென்சைப் பாருங்கள். சாதாரணப் பூதக்கண்ணாடி மாதிரி ஒரே கட்டியாக இருக்காது. நடுவில் ஒரு வட்டம், அதைச் சுற்றி வளையம் வளையமாகக் கண்ணாடிப் பட்டைகள். பிரெஞ்சு அறிவியலாளர் பிரெனெல் 1820-களில் கண்டுபிடித்த ஏற்பாடு. பட்டைகள் ஒவ்வொன்றும் வெளிச்சத்தைச் சற்று அதிகமாக மடக்கி எல்லாவற்றையும் ஒரே நேர்க்கற்றையாக அனுப்பும். கட்டிக் கண்ணாடியாகச் செய்தால் கோபுரமே தாங்காத எடை வரும்.

பகலில் விளக்கறைக்குத் திரை போட்டிருப்பதைப் பார்த்துத் தூசிக்காக என்று நினைப்பார்கள். அதற்காக அல்ல. உள்ளேயிருந்து வெளிச்சத்தைக் கடலுக்கு அனுப்பும் அதே லென்சு, வெளியேயிருந்து வரும் வெயிலை உள்ளே ஒரு புள்ளியில் குவித்துவிடும். விளக்கின் பாகங்களே கருகிப்போகும்.

இருட்டிய பிறகு கடற்கரையில் நின்று இன்னொன்றைப் பார்க்கலாம். விளக்கு மின்னும் கணக்கு ஒவ்வொரு நிலையத்துக்கும் வேறு. ஒரு மின்னல் கூட்டத்தின் முதல் மின்னலிலிருந்து அடுத்த கூட்டத்தின் முதல் மின்னல் வரை கைபேசியில் நொடி எண்ணுங்கள். மூன்று தடவை எண்ணிச் சராசரி எடுத்தால் அந்த விளக்கின் அடையாளம் கிடைத்துவிடும். மாலுமி கையில் இருக்கும் பட்டியலில் இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் ‘இது நாகை, இது காரைக்கால்’ என்று தீர்மானிப்பார். பகலில் அதே வேலையைக் கோபுரத்தின் வண்ணப் பட்டைகள் செய்கின்றன. அழகுக்குப் பூசியவை அல்ல.

கோடியக்கரையில மூணு விளக்குன்னு சொல்றாங்க. எது எது?

ஒன்று, சோழர் காலத்தது என்று சொல்லப்படும் செங்கல் விளக்கின் இடிபாடு. இரண்டு, ஆங்கிலேயர் காலத்துக் குட்டைக் கோபுரம். மூன்று, தொலைவிலிருந்தே தெரியும் 45 மீட்டர் புதுக் கோபுரம். முதலாவதைத் தேடிப் போகிறவர்கள் கோபுரத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள்: 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் மிச்சமிருந்ததும் விழுந்துவிட்டது. மண்ணில் புதைந்த செங்கல் கட்டிகள்தான். ஒரு செங்கல்லைக்கூட நினைவுக்கு என்று எடுத்து வரக் கூடாது.

இந்த இடத்தில் ஏன் விளக்கு மேல் விளக்கு? வரைபடத்தைப் பாருங்கள். வடக்கே இருந்து நேராக இறங்கி வரும் கடற்கரை, கோடியக்கரையில் ஏறக்குறையச் செங்கோணமாக மேற்கே திரும்புகிறது. அந்த முனையைச் சுற்றித்தான் பாக் நீரிணைக்குள் போக வேண்டும். கடல் ஆழம் குறைவு, நிலமோ தட்டை. காட்டிலேயே மிக உயரமான இடம் இராமர் பாதம் இருக்கும் மேடு, அதுவே 4 மீட்டர்தான். மலையோ குன்றோ இல்லாத முனையைக் கப்பலில் இருப்பவர் தரை தட்டும் வரை பார்க்க முடியாது.

பழசு இருக்கும்போது புதுசு எதுக்கு அவ்வளவு உயரம்?

பூமி உருண்டை என்பதால். விளக்கின் உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 2.08-ஆல் பெருக்குங்கள். விளக்கு எத்தனை கடல் மைல் வரை தொடுவானத்துக்கு மேல் நிற்கும் என்பது வரும். 45 மீட்டருக்கு 14 கடல் மைல், அதாவது 26 கி.மீ. நாகையின் 20 மீட்டருக்கு 9.3 கடல் மைல், 17 கி.மீ. பார்க்கிறவர் கண்ணின் உயரத்துக்கும் இதே கணக்கைப் போட்டுக் கூட்ட வேண்டும். 4 மீட்டர் உயரத்தில் நின்றால் இன்னும் 4 கடல் மைல். பல்பு எவ்வளவு பிரகாசம் என்பது வேறு கணக்கு. இரண்டில் எது குறைவோ அதுதான் விளக்கு தெரியும் தூரம்.

‘பொன்னியின் செல்வன்’ நாவல்ல படிச்ச கோடிக்கரை விளக்கம் இந்த இடிஞ்சதுதானா?

நாவல் நாவல்தான். இடம் உண்மை, காடு உண்மை, பழைய விளக்கு ஒன்று இருந்ததும் உண்மை. அதன் உச்சியில் யார் தீ வளர்த்தார்கள் என்பது எழுதியவரின் கற்பனை. கதை நினைவோடு போகிறவர்கள் புதைசேற்றைத் தேடிச் சதுப்பில் இறங்குவது வழக்கமாகிவிட்டது. இறங்காதீர்கள், அது மட்டும் கற்பனை அல்ல.

கோடியக்கரை காட்டுக்குள்ள போக என்ன நடைமுறை?

1967-இல் அறிவித்த வனவிலங்கு சரணாலயம். 2002-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. காலை 6 முதல் மாலை 6 வரைதான். வனத்துறைச் சாவடியில் ஆளுக்கும் வண்டிக்கும் கேமராவுக்கும் தனித்தனியாகச் சீட்டு. வெளிமான், மட்டக்குதிரை, குரங்கு மூன்றும் நிச்சயம் கண்ணில் படும். குரங்குக்கு அஞ்சிக் கார்க் கண்ணாடியை ஏற்றி வையுங்கள். டீசல், சாப்பாடு, தண்ணீர் எல்லாம் வேதாரண்யத்திலேயே முடித்துக்கொள்ள வேண்டும்.

டிரோன் எடுத்துட்டுப் போகலாமா?

வேண்டாம். கோடியக்கரையில் கடற்படை, விமானப்படை நிலையங்கள் இருக்கின்றன, போதாததற்குச் சரணாலயம். நாகையில் துறைமுகம். தரங்கம்பாடிக் கோட்டை பாதுகாக்கப்பட்ட சின்னம். டிரோன் பறக்க ஏற்ற இடம் இந்தப் பட்டியலில் ஒன்றுமில்லை. சாதாரணக் கேமரா போதும். கிழக்குக் கடல் என்பதால் கட்டடத்தின் கடல் பக்கத்தைக் காலையிலும் ஊர்ப் பக்கத்தை மாலையிலும் எடுங்கள்.

மனோரா கோட்டையா, லைட் ஹவுசா, வாட்டர்லூ நினைவுச் சின்னமா?

மூன்றும் கொஞ்சம் கொஞ்சம். பட்டுக்கோட்டைக்குத் தெற்கே 20 கி.மீ., சரபேந்திரராஜன்பட்டினத்துக் கடலோரம். தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி கட்டியது. அறுகோண வடிவம், எட்டு அடுக்கு, 23 மீட்டர் உயரம், சுற்றி மதிலும் அகழியும். ‘மினார்’ என்ற சொல்தான் நம் வாயில் மனோரா ஆயிற்று. கடலோரம் இவ்வளவு உயரமாக நின்றால் விளக்காகப் பயன்படாமல் போகுமா, அதுவும் ஆயிற்று.

வாட்டர்லூ என்பதில்தான் சிக்கல். அந்தப் போர் நடந்தது 1815 ஜூன் 18. ஆனால் இங்கே இருக்கும் கல்வெட்டு, ஆங்கிலேயரின் வெற்றிகளுக்கும் போனபார்ட்டின் வீழ்ச்சிக்கும் நினைவாக என்று சொல்லி 1814 என்று ஆண்டு போடுகிறது. 1814 ஏப்ரலில் நெப்போலியன் முதல் தடவை முடி துறந்து எல்பாத் தீவுக்குப் போனார். கல்வெட்டு சொல்வது அதைத்தான். அவர் திரும்பி வந்து வாட்டர்லூவில் தோற்றது அப்புறம். வழிகாட்டிகள் சொல்வதைக் கேளுங்கள், கல்வெட்டையும் நீங்களே படியுங்கள். பல மொழிகளில் வெட்டியிருப்பதால் தமிழிலேயே படிக்கலாம்.

மனோராவோட முத்துப்பேட்டையைச் சேர்க்கலாமா? அது கோட்டை இல்லையே?

சேர்க்கலாம். கடலைத் தடுக்கிற மதில் என்று பார்த்தால் இந்தக் கரையிலேயே பெரியது அதுதான். அலையாத்தி என்ற பெயரே அலையை ஆற்றுவது. சேற்றிலிருந்து குச்சி குச்சியாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சு வேர்கள் அலையின் வேகத்தை முறித்து, மண்ணைப் பிடித்துவைக்கும். வனத்துறை அனுமதியோடு படகில் போக வேண்டும். கடல் மட்டம் தாழ்ந்த நேரத்தில் படகு சேற்றில் தட்டும் என்பதால் புறப்படும் நேரத்தைப் படகோட்டியிடமே விட்டுவிடுங்கள். மதிய வெயிலில் போகாதீர்கள்.

ஊருக்கு ஊரு பாறாங்கல்லைக் கொட்டியிருக்காங்க. அப்புறமும் கடல் ஏன் அரிக்குது?

தரங்கம்பாடியில் கோட்டைக்குப் பக்கத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. மாசிலாமணிநாதர் கோயில், 1300-களின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. அன்றைக்கு ஊரின் பெயர் சடங்கன்பாடி. கட்டியவர்கள் அலை மேல் கட்டவில்லை. கடல்தான் நடந்து வந்து முன்பகுதியை வாங்கிக்கொண்டது. இப்போது கருங்கல் தடுப்பு அதைத் தாங்கி நிற்கிறது.

கரையோடு ஒட்டிக் கொட்டும் கல் தடுப்பு ஒரு வகை. அது பின்னால் இருக்கிற கட்டடத்தைக் காக்கும். ஆனால் மோதிய அலை திரும்பும்போது கல்லின் அடியிலிருந்த மணலைச் சுரண்டும், மணல்வெளி காணாமல் போகும், கல்லும் நாளடைவில் இறங்கும். கரையிலிருந்து கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவு இன்னொரு வகை. சோழமண்டலக் கரையில் வருடக் கணக்கில் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. தூண்டில் வளைவு அதை மறிக்கும். தென்பக்கம் மணல் சேரும், வடபக்கம் பட்டினி கிடக்கும், அரிக்கும். துறைமுக முகத்துவாரத்தில் கட்டும் நீண்ட கல் சுவர்களும் இதே வேலையைச் செய்கின்றன.

நேரிலேயே பார்க்கலாம். ஏதாவது ஒரு தூண்டில் வளைவின் மேல் நின்று இடமும் வலமும் பாருங்கள். ஒரு பக்கம் படகுகள் மணலில் வரிசையாக ஏற்றி வைத்திருப்பார்கள். மறுபக்கம் தென்னை வேர் வெளியே தெரியும். அந்த மறுபக்கத்து ஊர்க்காரர்கள் தங்களுக்கும் ஒன்று கட்டித் தரச் சொல்லி மனு கொடுத்திருப்பார்கள். அதைக் கட்டியதும் அதற்கு வடக்கே இருக்கிற ஊரில் வேர் தெரியத் தொடங்கும்.